மீன்தொட்டிக்குக் கரியமில வாயு: தூத்துக்குடிச் சோடாவின் பங்கு

நீர்ச்செடிகளுக்கும் கரியமில வாயுவே உணவு. செடிகள் அடர்ந்த மீன்தொட்டியில் மீன்கள் விடும் மூச்சு மட்டும் அவற்றுக்குப் போதாது. அதனால் மீன் வளர்ப்போர் அவ்வாயுவை வீட்டிலேயே உண்டாக்குகின்றனர். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் இடுவது ஒரு முறை. சமையல் சோடாவோடு சிட்ரிக் அமிலம் சேர்ப்பது மற்றொன்று.

இரண்டுக்கும் முன்னோடி ஜோசப் பிரீஸ்ட்லி. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிய வாயுவை அவர் நீரில் கரைத்தார். 1772இல் சுண்ணக்கட்டியில் அமிலம் விட்டு அதே வாயுவைப் பெறும் முறையை வெளியிட்டார். சோடா பானம் அவர் தந்த கொடைதான்.

சோடா முறைக்குத் தூத்துக்குடியோடும் உறவுண்டு. அங்குள்ள தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் அமைப்பை 2016இல் இயக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது இலக்கு. ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைப்பான் இதற்குப் பயன்பட்டது. உப்புநீர், அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேரும்போது முதலில் படிவது சமையல் சோடா. அதைச் சூடாக்கினால் சோடா சாம்பல். வாயு அடைபடுகிறதே தவிர அழிவதில்லை: 84 கிராம் சமையல் சோடாவில் போதிய அமிலம் பட்டால் 44 கிராம் வாயு வெளியேறிவிடும்.

தொட்டி நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும். இரவில் செடிகளும் இவ்வாயுவையே வெளிவிடுவதால், விளக்கை அணைத்ததும் வரத்தை நிறுத்த வேண்டும். ஈஸ்ட் புட்டியோ இரவிலும் பொங்கும். குழாயை இறுக மூடினால் புட்டி வெடிக்கவும் கூடும்.