பெயர், முகவரி, தொழில்

எங்கள் ஈக்காட்டுத்தாங்கல் அபார்ட்மெண்ட்டுக்குச் சங்கம் பதிவு செய்கிற வேலை போன வருஷம் என் தலையில் விழுந்தது. 1975-ம் வருடத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் சேரவேண்டும். நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். கட்டணம் கட்டினால் அந்தக் காகிதத்தை வெளியாட்களும் பார்க்கலாம். தண்ணி மோட்டாரும் லிஃப்ட் ரிப்பேரும் பேசப்போகிற எங்களுக்கு இதில் என்ன சங்கடம்? நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

அந்த மூன்று கட்டங்கள் மட்டும் மனசில் நின்றுவிட்டன. காரணம், அப்போது வேறொரு சங்கத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1997-ல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுவார், வேலை போகும் என்றிருந்த காலம். அப்படிப்பட்டவர்கள் பெயர், முகவரி, தொழில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்றால்? நம் ஊரில் நோயாளிகள் தாங்களே கூடிப் பேசிய கதையை இங்கிருந்துதான் தொடங்கணும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் இது வேறு மாதிரி நடந்தது. 1974-ல் அரசு மருத்துவ சேவையைத் திருத்தி அமைத்தபோது, ஒவ்வொரு பகுதிக்கும் நோயாளிகள் சார்பாகப் பேச ஒரு கவுன்சிலை அரசே உண்டாக்கியது. 2003-ல் அதை அரசே கலைத்தது. பிறகு வேறு பெயர்களில் வந்து, 2013-லிருந்து 'ஹெல்த்வாட்ச்' என்று நடந்தது. அங்கே முதலில் நாற்காலி போட்டார்கள், அப்புறம் உட்கார ஆள் தேடினார்கள். இங்கே நாற்காலியே கிடையாது.

சென்னைக் கதை 1986-ல் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது பலருக்குத் தெரிந்த விஷயம். ரத்த மாதிரிகள் விஜிலன்ஸ் ஹோமில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் எடுத்தவை. வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இரண்டு டாக்டர்களையும் நாடு கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் அந்த ஆறு பெண்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினால் ஒரு வரி கிடைப்பதில்லை. ரத்தம் ஆவணத்தில் இருக்கிறது, குரல் இல்லை.

நாலு வருஷம் கழித்து, மும்பையின் பாலியல் தொழில் பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை மீட்டு ரயிலில் அழைத்து வந்தார்கள். அவர்களில் தொற்று இருப்பதாகத் தெரிந்தவர்களை வெளியே விடாமல் வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 1990-ல் விடுதலை வாங்கினார். நல்ல காரியம். ஆனால் அங்கேயும் பேசியவர் அந்தப் பெண்களுக்காக வந்த இன்னொருவர்.

கோவாவில் டோமினிக் டிசோசா என்ற இளைஞர் 1989-ல் இன்னும் கடுமையாக மாட்டிக்கொண்டார். ரத்த தானம் செய்து வந்தவர். அதில் தொற்று தெரியவந்ததும், மாநிலச் சட்டப்படி போலீஸ் பிடித்துப்போய் ஒரு பழைய காசநோய் சானடோரியத்தில் 64 நாள் தனியாக அடைத்தது. குற்றம்? வைரஸ் இருந்ததுதான். வெளியே வந்தவர் முகத்தை மறைக்கவில்லை. 1992-ல் 'பாசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்புக்கு அடித்தளம் போட்டார், அதே வருஷம் இறந்தும் போனார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். சேவை சரியில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே, தனியாக அமைப்பு எதற்கு? மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1994-ல் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 1995 நவம்பர் 13-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வரும் என்றது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது: எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தருகிற இடத்தில் நோயாளி நுகர்வோர் ஆகமாட்டார். அதாவது ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவருக்கு அந்தக் கதவு கிடையாது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியை விட்டால் போக்கிடம் இல்லை. பல தனியார் இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. வழக்கமான துறை நடைமுறையில் பணமும் கோப்பும் நகர நாளாகும் என்று, அரசே ஒரு 'சங்கம்' பதிவு செய்தது. நாட்டிலேயே இதுதான் முதல். அரசாங்கத்துக்கு இதெல்லாம் வசதி. அதிகாரிகளுக்குப் பதவிப் பெயரும் கோட்டை முகவரியும் போதும்.

1997-ல் பன்னிரண்டு பேர் கூடி ஐ.என்.பி. பிளஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் இந்திய வலைப்பின்னல். தலைமையிடம் சென்னை. ஆரம்ப காலத்தில் முன்னால் நின்றவர் அசோக் பிள்ளை, கடற்படையில் இருந்தவர். அவர் 2002-ல் இறந்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இலவச மருந்து இல்லாத காலம். சங்கத்தின் பொதுக்குழு கூடும்போது போன கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் இருப்பார்களா என்பதே நிச்சயமில்லை. எங்கள் அபார்ட்மெண்ட்டில் கோரம் இல்லை என்று கூட்டத்தைத் தள்ளிவைக்கிறோம், அது வேறு வகை.

முகம் காட்டுவதன் விலையை 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே காட்டியது. நாகாலாந்து டாக்டர் ஒருவர் சென்னையில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்திருந்தார். அவருக்குத் தொற்று இருப்பது வெளியே தெரிந்து கல்யாணம் நின்றது, ஊரிலும் இருக்க முடியவில்லை. ரகசியத்தைக் காக்கவில்லை என்று வழக்குப் போட்டார். தீர்ப்பில் அவர் பெயர் 'எக்ஸ்', மருத்துவமனை 'இசட்'. தோற்றார். அதோடு, எச்.ஐ.வி. உள்ளவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்படும் என்றும் கோர்ட் சொல்லிவைத்தது. அந்த வாசகத்தை விலக்க 2002 டிசம்பர் ஆனது.

அடுத்த மாதமே, 1998 அக்டோபரில், 18 பெண்கள் சேர்ந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைச் சென்னையில் தொடங்கினார்கள். தீர்ப்பினால்தான் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கு வேறு காரணமே நிறைய இருந்தது. தலைவர் பி. கௌசல்யா, நாமக்கல் பக்கம். கல்யாணத்தின் மூலம் தொற்று வந்தவர், அதை வெளிப்படையாகச் சொன்ன முதல் பெண்களில் ஒருவர். பொது அமைப்பு இருக்கும்போது பெண்களுக்குத் தனியாக எதற்கு என்று கேட்பவர்கள் பிரசவ வார்டை நினைத்துப் பார்க்கலாம். கணவர் இறந்ததும் புகுந்த வீடு சொத்தையும் குழந்தையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் நினைக்கலாம். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் அதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் ஏறுவது கஷ்டம்.

இவர்கள் கேட்டவற்றில் முதலாவது மருந்து. 2001-ல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று உலகத்துக்கு அறிவித்தது. மருந்து செய்வது நம் நாட்டில், ஆனால் நம் ஜி.எச்.சில் இலவசமாகக் கிடையாது. 2004 ஏப்ரல் 1-ம் தேதிதான் 8 அரசு மருத்துவமனைகளில் மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதில் ஒன்று தாம்பரம் சானடோரியம். கிண்டியிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் போனால் குரோம்பேட்டை தாண்டி அடுத்த ஸ்டேஷன். 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம். 1993-லிருந்தே எச்.ஐ.வி. நோயாளிகளைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி அது.

மருந்து கிடைத்ததோடு வேலை முடியவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். 2005-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வந்தது. கூடவே ஒரு சின்னப் பிரிவும் இருந்தது: காப்புரிமை கொடுப்பதற்கு முன் 'எந்த நபரும்' ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். 2006 மார்ச்சில், காம்பிவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரைக்கு கிளாக்ஸோ போட்ட விண்ணப்பத்தை எதிர்த்து, மணிப்பூர் நோயாளிகளின் அமைப்பும் ஐ.என்.பி. பிளஸ்ஸும் கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் மனு கொடுத்தன. ஏற்கெனவே இருக்கிற இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்ப்பது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது வாதம். காப்புரிமை விண்ணப்பத்தின் மொழி எப்படி இருக்கும் என்று வேலை நிமித்தம் எனக்குக் கொஞ்சம் தெரியும். படித்து முடிப்பதற்குள் தலை சுற்றும். வக்கீல்கள் உதவியோடு நோயாளிகள் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகஸ்டில் கிளாக்ஸோ விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

அந்த மனுவிலும் மனுதாரர் யார், எங்கே இருக்கிறார் என்று எழுதித்தான் ஆகவேண்டும். இந்தத் தடவை தனி ஆள் பெயரும் வீட்டு முகவரியும் தேவைப்படவில்லை. சங்கத்தின் பெயரையும் ஆபீஸ் முகவரியையும் எழுதினால் போதுமானதாக இருந்தது.