இரண்டு திருமேனிகள்

கி.பி. 1371-ஆம் ஆண்டில், விஜயநகரத்துக் கம்பணரின் படைத்தலைவரான கோபணாரியர், செஞ்சியில் வைத்து ஆராதித்து வந்த உற்சவமூர்த்தியைத் திரும்பவும் ஸ்ரீரங்கத்திற்கு எழுந்தருளச் செய்தபோது, ஊரின் ஆனந்தத்தோடு கூடவே ஒரு தர்மசங்கடமும் வந்து நின்றது. 1323-இல் டில்லி சுல்தானின் மகன் உலூக்கானின் படை திருவரங்கத்தை நெருங்கிய வேளையில், மூலவரின் சந்நிதியைச் சுவரெழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான அழகிய மணவாளனை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைலோகாசாரியரும் அடியார்களும் தென்திசை நோக்கிப் புறப்பட்டார்கள். ஆசாரியர் மதுரைக்கருகே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாளோ மலையாள தேசம், மேல்கோட்டை, திருமலை என்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஊர் ஊராக இருந்துவிட்டார். இதற்கிடையே, உற்சவாதிகள் நின்றுபோகலாகாதென்று வேறொரு திருமேனியைப் பிரதிஷ்டை செய்திருந்தார்கள். பழையவரைக் கண்ணாரச் சேவித்தவர்களோ அநேகமாகக் காலமாகிவிட்டார்கள். இருவரில் எவர் பழையவர்?

ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு கூறும் தீர்வு விசித்திரமானது. பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்துக் கொடுத்து, அவற்றின் ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகிப் பழகிய முதிர்ந்த வண்ணார் ஒருவர், பார்வையும் இழந்தவராய், அப்போது உயிரோடிருந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, உடுத்திய ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவருக்குக் கொடுக்க, ஒன்றில் பழைய பரிமளத்தை உணர்ந்து, இவரே நம்பெருமாள் என்றாராம். அன்றிலிருந்து அந்தத் திருநாமமே நிலைத்தது.

இவ்விஷயத்தில் என் மனத்தைக் கவர்வது, ஒரு சிற்பியும் பரீட்சைக்கு அழைக்கப்பட்டதாகச் செய்தி இல்லை என்பதுதான். நூற்றாண்டுக் கணக்கில் திருமஞ்சனம் கண்ட பஞ்சலோகத்தில் மூக்கின் நுனியும் விரல்களின் விளிம்பும் மழுங்கியிருக்குமாதலால், கண்ணுள்ளவர் எவரும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஆனால் மழுக்கத்தைக் கைவினைஞன் செய்துவிடுவான். ஸ்வாமிமலையில் நேற்று வார்த்த விக்கிரகத்தை ரசாயனம் பூசிப் பச்சையும் கறுப்பும் படரவைத்து, ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று சொல்லியே இன்றைக்கும் விற்கிறார்கள்.

இந்தக் கலைக்குக் கடல் கடந்த ஓர் உறவும் உண்டு. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிதாரை வெளியிட்ட அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியார், 1995-இல், ஆரம்ப காலத்துக் கருவிகள் சாமானிய வாத்தியக்காரர்களுக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டதைக் கண்டு, ‘ரெலிக்’ என்ற பெயரில் பழசாக்கப்பட்ட புதிய கிதார்களை விற்கத் தொடங்கினார்கள். முழங்கை உரசும் இடத்தில் வர்ணத்தைத் தேய்த்தெடுத்து, மெருகில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கி, உலோகப் பாகங்களை மங்கச் செய்து, பழுதற்ற புதுக் கருவியைவிட அதிக விலைக்கே கொடுத்தார்கள், வாங்கவும் ஆளிருந்தது. ஐரிஷ் வாத்தியக்காரர் ரோரி கல்லகரின் 1961-ஆம் வருஷத்து கிதார், மேடை மேடையாக வாசித்து வாசித்து, மேல்வர்ணம் பெரும்பாலும் போய் வெறும் மரமாக நின்றதல்லவா? அந்தத் தோற்றத்தில்தான் ரசிகர்களுக்கு மோகம்.

இதைப் பரிகசிப்பது சுலபம். செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவதில் பேர்பெற்ற திருச்சிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர்கள் அவ்வளவு சுலபமாகப் பரிகசிக்கலாகாது. விளிம்பு மழுங்கிய கழுத்துப்பலகை இடக்கைக்கு முதல் நாளே இணங்கிவிடுகிறது. ஏற்கெனவே கீறல் விழுந்த கருவிக்கு முதற்கீறலைப் பற்றிய பயமும் கிடையாது. மேலும், வாங்குகிறவன் எல்லாம் அறிந்தே வாங்குகிறான். பகல்பத்தின் கடைசி நாளில் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலம் கொள்ளும்போது சேவிக்க வந்தவர் எவரும் ஏமாந்து போவதில்லை; வேஷத்தை வேஷமென்று அறிந்தே ரசிக்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. வஞ்சனை தொடங்குவது, மறைத்து விற்கும்போதுதான்.

இரு திருமேனிகளில் மற்றவர் என்ன ஆனார் என்பதையும் சொல்லவேண்டும். அவரை உருக்கவுமில்லை, வேற்றூருக்கு அனுப்பவுமில்லை. திருவரங்க மாளிகையார் என்று திருநாமமிட்டு நம்பெருமாளோடு கூடவே எழுந்தருளப் பண்ணினார்கள். உற்சவ காலங்களில் யாகசாலைக்கு எழுந்தருள்பவர் அவரே. 1371-இல் புதியவராக எண்ணப்பட்ட அவருக்கும் இப்போது ஆறரை நூற்றாண்டுக்கு மேல் பிராயம்.