வெள்ளைச் செண்டுப் பூவுக்கு 10,000 டாலர்



மார்கழிக் குளிரில் நமக்குக் கைதான் விறைக்கிறது, மண் விறைப்பதில்லை. அமெரிக்காவின் வடபகுதியில் அப்படியில்லைங்க. டிசம்பர், ஜனவரியில் நிலமே உறைந்து கல்லாகிவிடும், மண்வெட்டி இறங்காது. அப்போது அங்குள்ள விவசாயக் குடும்பம் செய்யக்கூடிய தோட்ட வேலை ஒன்றே ஒன்று. அடுத்த பருவத்துக்கு எந்தப் பூவிதை, எந்தக் காய்கறி விதை என்று அடுப்போரம் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதுதான். தக்காளியை வீட்டுக்குள்ளேயே தொட்டியில் நாற்றுவிட்டு, உறைபனி ஓய்ந்த பிறகு மே மாதவாக்கில் வெளியே நடுவார்கள். அதற்கு விதை முன்கூட்டியே கைக்கு வந்தாக வேண்டும் அல்லவா?

இதற்காகவே தபாலில் வந்தது விதைப் புத்தகம். 1876-ல் பிலடெல்பியாவில் அட்லி பர்ப்பி என்ற 18 வயது இளைஞர் தொடங்கிய கம்பெனி இதில் பெயர் பெற்றது. முதலில் கோழியும் கால்நடையும் விற்றவர், பிறகு விதைக்கு வந்தார். 1896 முதல் கிராமத்து வீடுகளுக்கே தபால் போகத் தொடங்கியதும் இந்த வியாபாரம் இன்னும் பெருகியது. அந்தக் காலத்து விதைப் புத்தகங்களில் பூசணிப் படத்தைப் பார்த்தால் ஒரு வண்டிப் பாரம் இருக்கும்! படத்தைப் பார்த்து மயங்குவது எந்த ஊரிலும் உள்ளதுதான். ஆனால் பர்ப்பி, 1888-ல் ஒரு பண்ணை வாங்கி, விதைகளை அங்கே பயிரிட்டுச் சோதித்துப் பார்த்தார்.

நல்ல விதை எல்லாம் கம்பெனிப் பண்ணையில் பிறந்ததும் இல்லை. மஞ்சள் மக்காச்சோளம் மாட்டுக்குத்தான் என்று அங்கே ஜனங்கள் நினைத்திருந்த காலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் தம் தோட்டத்தில் இனிப்பான மஞ்சள் சோளம் ஒன்றைப் பேணி வந்தார். அந்த விதையைத்தான் பர்ப்பி 1902-ல் 'கோல்டன் பேண்டம்' என்று விற்றார். ஜனங்கள் ருசி பார்த்தார்கள், பழைய எண்ணம் மாறிற்று.

1949-ல் அதே கம்பெனி 'பிக் பாய்' என்ற தக்காளியைக் கொண்டுவந்தது. இது கலப்பின விதை. காய் பெரிசு, விளைச்சலும் ஜாஸ்தி. ஆனால் அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாயைப்போல் பிள்ளை வராது. ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக வரும். வருஷாவருஷம் விதை வாங்கித்தான் தீர வேண்டும். விளைச்சலைப் பார்த்தால் அந்தச் செலவு கட்டுபடியாகலாம். ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இனி செண்டுப் பூ சமாசாரத்துக்கு வருவோம். செண்டுமல்லியின் தாய்நாடு மெக்சிகோ. நாம் துலுக்கச் சாமந்தி என்கிறோம். வெள்ளைக்காரர் ஆப்பிரிக்கச் செண்டு என்கிறார்கள். இரண்டுமே ஊர் தெரியாமல் வைத்த பெயர்! மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் பூக்கும். பர்ப்பியின் மகன் டேவிட்டுக்கு இந்தப் பூமேல் தனிப் பிரியம். நல்ல வெள்ளைச் செண்டுப் பூவின் விதையைக் கொண்டுவருவோருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1954-ல் அறிவித்தார்.

21 வருஷம் கழித்து, 1975-ல்தான் பரிசு போயிற்று. வாங்கியவர் விஞ்ஞானி அல்ல. ஐயோவா மாநிலத்தில் சல்லி என்ற சிற்றூரைச் சேர்ந்த ஆலிஸ் வோங்க் என்ற அம்மையார். வீட்டுத் தோட்டத்தில் செண்டு போட்டு, வெளிறிய பூவாகப் பார்த்து விதை எடுத்து, மறுவருஷம் அதை விதைத்து, அதிலும் வெளிறியதைப் பொறுக்கி என்று வருஷக்கணக்காக விடாமல் செய்தார்.

உங்கள் தோட்டத்திலும் இந்த வழி செல்லும். கலப்பினமாக இல்லாத செண்டு ரகம் போட்டிருந்தால், முதல் பூ விரிந்ததும் வரிசையாக நடந்து பாருங்கள். நோயில்லாமல், பூ பெரிசாகவும் நிறம் ஒரே சீராகவும் உள்ள செடிகளில் நூல் கட்டிவையுங்கள். மட்டமான செடிகளை அப்போதே பிடுங்கிவிட வேண்டும். தேனீ ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் கொண்டுபோய் வைத்துவிடும். நூல் கட்டிய செடியில் சில பூக்களைப் பறிக்காமல் விட்டு, அவை செடியிலேயே காய்ந்தபின் விதை எடுத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் எழுதி வையுங்கள்.