ஐரிஸ் 3047 அச்சுப்பொறி

ஐரிஸ் 3047 என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐரிஸ் கிராபிக்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய பெரிய அளவு இங்க்ஜெட் அச்சுப்பொறியாகும். ஆஃப்செட் அச்சுக்குப் போகும் முன் வண்ணங்களைச் சரிபார்ப்பதற்கான மெய்ப்புப் படிகளை எடுக்கவே இது செய்யப்பட்டது. வாடிக்கையாளர் பார்த்து ஒப்புதல் அளித்ததும் அந்தப் படிக்கு வேலை முடிந்துவிடும். எனவே அதன் மை பல ஆண்டுகள் நிலைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பின்னாளில் எழுந்த சிக்கலுக்கு வேர் இதுதான்.

இயங்கும் முறை

ஏறத்தாழ 3 அடி அகலமும் 4 அடி நீளமும் உள்ள தாள், வேகமாகச் சுழலும் உருளையின் மேல் சுற்றப்படும். நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய 4 நிறங்களுக்கும் தனித்தனி கண்ணாடி முனைகள் உண்டு. ஒவ்வொரு முனையிலிருந்தும் நொடிக்குச் சுமார் 10 லட்சம் மைத்துளிகள் இடைவிடாது பாயும். வேண்டாத துளிகள் மின்னூட்டத்தால் திசைதிருப்பப்பட்டு வடிகாலுக்குச் செல்லும். முனை மிக நுண்ணியது என்பதால் சிறு தூசியும் அதை அடைத்துவிடும். இயந்திரத்தை இயக்குபவர் அதை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

கலைப்படங்களுக்கு வந்தது

பாடகரும் ஒளிப்படக் கலைஞருமான கிரகாம் நாஷ், தம் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக அச்சிட ஏற்ற கருவியைத் தேடினார். 1,26,000 டாலர் விலையுள்ள ஐரிஸ் 3047 ஒன்றை வாங்கினார். நண்பர் மேக் ஹோல்பர்ட்டுடன் இணைந்து 1991இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். தடித்த நீர்வண்ணத் தாள் உள்ளே போக இடம் வேண்டும் என்பதற்காக இயந்திரத்தின் பாகத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். அத்துடன் உத்தரவாதமும் போயிற்று! இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை அறுக்கத் துணிவு வேண்டும்தான். அங்கு பணியாற்றிய ஜாக் டுகான், ‘இங்க்ஜெட்’ என்ற சொல் கலைப்படத்துக்குப் பொருந்தாது எனக் கருதி, பீய்ச்சுதல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘ஜிக்லே’ என்ற பெயரை 1991இல் உருவாக்கினார்.

வெளுத்த வண்ணங்கள்

படங்கள் அழகாக வந்தன, ஆனால் நிலைக்கவில்லை. சுவரில் மாட்டிய தொடக்ககாலப் படங்கள் சில ஆண்டுகளிலேயே நிறம் மங்கத் தொடங்கின. விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அச்சகத்தார் முன் நின்ற கேள்வி. அந்த மை, நீரில் கரைந்த சாயம். தண்ணீரில் சர்க்கரை போல மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருப்பதால் ஒளி அதை எளிதில் சிதைக்கும். நிறமி அப்படியன்று, அது நுண்ணிய திடத்துகள். துகளின் மேற்பரப்பு பழுதானாலும் உட்பகுதி நிறத்தைக் காக்கும். வண்ணப்படங்களின் நிலைப்பை ஆராய்ந்த ஹென்றி வில்ஹெல்மின் சோதனைகள் இந்த வேறுபாட்டைப் பரவலாக அறியச் செய்தன. 1990களில் ஐரிசுக்கு மேம்பட்ட சாயங்களும் வந்தன.

நிறமி மையும் புதிய தொல்லைகளும்

எப்சன் நிறுவனம் 2000இல் நிறமி மையுடன் ஸ்டைலஸ் புரோ 9500 என்ற அகல அச்சுப்பொறியை வெளியிட்டது. படத்தின் ஆயுள் கூடியது. ஆனால் விளக்கொளியில் சரியாகத் தெரிந்த சாம்பல் நிறம் பகலொளியில் பச்சையாகத் தோன்றியது. 2002இல் வந்த அல்ட்ராகுரோம் மையில் இளங்கறுப்பும் சேர்க்கப்பட்டு 7 மைகள் ஆனதால் இக்குறை வெகுவாகத் தணிந்தது.

நிறமித் துகள்கள் அடியில் படியும். நெடுநாள் இயக்காவிட்டால் முனையில் காய்ந்து அடைக்கும். அப்போது படத்தில் வெண்கோடுகள் விழும். அதனால்தான் அகல அச்சுப்பொறி வைத்திருப்போர் காலையில் முனைச் சோதனைத் தாள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகின்றனர். அறை மிக வறண்டிருந்தால் அடைப்பு விரைவில் ஏற்படும் என்பதால் ஈரப்பதத்தையும் கவனிக்க வேண்டும். அடிக்கடி தலைசுத்தம் செய்தால் விலை உயர்ந்த மை வீணாகும். செய்யாமல் விட்டால் தாள் வீணாகும்.

நாஷ் வாங்கிய ஐரிஸ் 3047 அச்சுப்பொறி 2005இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டது.