உலைச் செங்கல் அரிமானம்
உருக்கு, செம்பு உலைகளின் உட்சுவரில் பதித்த தீச்செங்கல்லை உருகிய கசடு வேதிவினையால் கரைப்பது. சிலிக்கா மிகுந்த கசடு மக்னீசியா செங்கல்லையும், சுண்ணாம்பு மிகுந்த கசடு சிலிக்கா செங்கல்லையும் அரிக்கும். வெப்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது: மக்னீசியா உருக ஏறத்தாழ 2,800° செ. வேண்டும், உருக்கு உலையின் சூடு 1,600° செ. அளவில்தான். கசடு நுண்துளைகளில் இறங்கி மணிகளின் பிணைப்பைக் கரைக்கிறது. கசடு ஊறிய மேற்பகுதி இறுகி, உலை ஆறிச் சூடேறும்போது விரிசல் விட்டுப் பாளமாக உரியும்.

தமிழகத்தில் மக்னீசியா செங்கல்லின் மூலப்பொருள் சேலம் சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட். அதை வெட்டிச் சுடவே 1979இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் தொடங்கப்பட்டது. தாய்ப்பாறையிலிருந்து ஒட்டிவரும் சிலிக்காதான் அதன் பெருங்குறை. சுண்ணாம்போடு சேர்ந்து மாண்டிசெல்லைட் என்னும் கனிமமானால் அது 1,500° செ. அருகிலேயே இளகும், அரிமானத்துக்குச் செங்கல்லே உள்ளிருந்து வழிவிட்டுவிடும்.