காலந்தாழ்ந்த உட்செவி நீர்த்தேக்கம்

ஒரு காது கேட்காமல் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, விட்டுவிட்டுக் கடும் தலைசுற்றல் வரும் நோய். இடைவெளி ஓராண்டாகவும் இருக்கலாம், அரை நூற்றாண்டாகவும் இருக்கலாம். தமிழக ஊர்ப்புறங்களில் ‘பொன்னுக்கு வீங்கி’ எனப்படும் தாளம்மை சிறுவயதில் அரிதாக ஒரு காதை மட்டும் அடியோடு செவிடாக்கிவிடும். இந்நோய்க்கு அதுவே நன்கறியப்பட்ட முன்காரணம். தலைக்காயம், மூளையுறைக் காய்ச்சல், திடீர்ச் செவிடு ஆகியவையும் உண்டு.

1861இல் பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர், தலைசுற்றல் உட்செவியிலிருந்தும் வரலாம் என்று காட்டினார். அதுவரை இத்தகையோருக்கு மூளையில் ரத்தம் தேங்கிவிட்டதாகச் சொல்லி, அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். 1938இல் லண்டனில் ஹால்பைக்கும் கேர்ன்ஸும், ஜப்பானில் யமகாவாவும், இத்தகைய தலைசுற்றல் இருந்து இறந்த நோயாளிகளின் செவியெலும்பை ஆராய்ந்து, உட்செவிக் குழல்கள் நீர் கோத்து உப்பியிருப்பதைத் தனித்தனியே கண்டனர். பழைய செவிட்டையும் புதிய தலைசுற்றலையும் முதலில் இணைத்துப் பார்த்தவர் ஜப்பானின் காமெய் (1971). 1975இல் அமெரிக்காவிலிருந்து நாடோல் குழுவினரும், உல்ஃப்சன், லீபர்மேன் இருவரும் இதையே எழுதினர். 1978இல் ஷுக்நெக்ட் இன்றுள்ள பெயரைச் சூட்டினார். செவிட்டுக் காதிலேயே நோய் எழுவது ஒரு வகை; நல்ல காதில் எழுவது மற்றொன்று.

முதல் வகையில், கேட்கும் பகுதி அழிந்தாலும் சமநிலைப் பகுதி உயிரோடிருப்பதே நோயின் அடிப்படை. பழைய காயத்தால் நீரை உறிஞ்சும் பை மெல்லமெல்லச் சுருங்கித் தழும்பாகிறது எனக் கருதப்படுகிறது. நீர் பெருகிச் சவ்வு கிழியும்போது பொட்டாசியம் மிகுந்த நீர் நரம்பு முனைகளை நனைத்து முடக்குகிறது. சுவர்கள் சுழல்வதுபோல் தோன்றும்; வாந்தியுடன் இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் நீடிக்கும். கைப்பேசியை எப்போதும் ஒரே காதில் வைத்துப் பேசுபவரிடம் மறு காதைப் பற்றி மருத்துவர் கேட்டாக வேண்டும். நாற்பதாண்டுப் பழக்கமான செவிட்டை நோயாளி தாமாகச் சொல்வதில்லை.

சிகிச்சை உப்பைக் குறைப்பதில் தொடங்குகிறது; ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் முதலில் விலக வேண்டும். சிறுநீர் பெருக்கி மாத்திரையும் பீட்டாஹிஸ்டினும் சேர்க்கப்படும். அடங்காவிட்டால், செவிட்டுக் காதில் இழக்கக் கேட்கும் திறனே இல்லாததால், செவிப்பறை வழியே ஜென்டாமைசின் ஊசி போடலாம். அல்லது உட்செவியையே அறுவையால் நீக்கலாம். தலைசுற்றலை நிறுத்துவதில் அறுவையே உறுதியானது. நோய் நல்ல காதில் எழுந்தால் இவ்விரண்டும் ஆகா. மிஞ்சியிருப்பது அந்த ஒரு காதின் கேட்கும் திறன்தான். அங்கு ஸ்டீராய்டும் பொறுமையான மருந்து முறையும்தான் வழி.

முன்காரணமான தாளம்மையைத் தடுக்கும் ஊசி இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. 2017இல் தமிழகத்தில் தொடங்கிய இயக்கமும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு மட்டுமே.