வடக்கன்குளத்துச் சுவர்: வேதநெறியும் ஜாதி வழக்கமும்



ஒரே குடும்பத்தில் ஒருவர் பத்திரகாளியம்மனை வழிபட, மற்றொருவர் கிறிஸ்து வேதத்தைத் தழுவி நிற்றல் நம்மவர்க்குப் புதிதன்று. கல்யாணத்திலும் துக்கத்திலும், கடையிலும் களத்திலும் இவ்விரு திறத்தாரும் ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்தே வந்திருக்கின்றனர். ஆயினும் இவ்வொற்றுமைக்குள் ஒரு முள்ளும் உண்டு. அதனை மறைத்து வைப்பதினும் எடுத்துக் காட்டுதலே நலம் என்று கருதி இவ்வியாசத்தை எழுதத் துணிந்தோம்.

சில வருஷங்களுக்கு முன், சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் எம் உறவினர் இருவர் கூட்டாக நடத்திவந்த பட்டாசு ஆபீஸில் ஆயுதபூஜை நடந்தது. அவ்விருவரும் மாமன் மகனும் அத்தை மகனும் ஆவர். மூத்தவர் இந்து, இளையவர் வேதக்காரர். தராசுக்கும் கத்திக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டுப் பொரி கடலை படைத்திருந்தனர். இளையவர் முதல்நாளே ஆட்களோடு நின்று ஆபீஸ் முழுவதையும் கழுவித் துப்புரவு செய்தவர். வேலையாட்களுக்குப் புதுத்துணியும் இனாமும் தம் கையாலேயே வழங்கியவர். ஆனால் தீபாராதனை வேளையில் அவர் வெளியே சென்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"மாப்பிள்ளை, இத்தனை பேர் பார்க்க நீர் வெளியே நிற்பது எனக்குத் தலையிறக்கம். நெற்றியில் ஒரு துளி விபூதி பூசினால் உம்முடைய வேதம் குறைந்தா போய்விடும்?" என்றார் மூத்தவர்.

"அத்தான், கழுவச் சொன்னீர்கள், கழுவினேன். கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன். வணங்குவதை மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்கு மரியாதை குறைத்தேன் என்றும் எண்ணாதீர்கள்" என்றார் இளையவர்.

அதன்பின் ஏறக்குறைய ஒரு வருஷகாலம் கணக்கு வழக்கைத் தவிர அவ்விருவர்க்குள்ளும் வேறு பேச்சில்லை. "நம் வழக்கத்தை அவமதித்தான்" என்று ஒரு சாராரும், "விசுவாசத்தைக் காத்தான்" என்று மற்றொரு சாராரும் ஊரில் பேசிக்கொண்டனர். இக்கேள்வி நாரணாபுரத்தில் முளைத்ததன்று. நானூறு வருஷங்களாகத் தமிழ்நாட்டில் கேட்கப்பட்டு வருவது. ஆதலின் அதன் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

1606-ஆம் வருஷத்தில் மதுரைக்கு வந்த இத்தாலிய தேசத்துக் குருவாகிய ரோபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவபோதக சுவாமி, பறங்கியர் நடையுடைகளை விட்டொழித்துக் காவி உடுத்து, மரக்கறி உணவு கொண்டு, தமிழும் சம்ஸ்கிருதமும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியன குலவழக்கமேயன்றிச் சமயக்குறி ஆகா. ஆதலின் வேதத்தில் சேர்வோர் அவற்றை விடவேண்டுவதில்லை என்பது அவர் கட்சி. இதனைப் பிற குருமார் எதிர்த்தனர். விவகாரம் ரோமாபுரி வரை சென்றது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் என்னும் பாப்பானவர் சில நிபந்தனைகளுடன் அவ்வழக்கங்களுக்கு இடமளித்தார்.

வழக்கத்தை அனுசரிப்பதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. காவி உடுத்ததனால் எவர்க்கும் கேடில்லை. ஆனால் மேற்குலத்தார் மனம் நோகலாகாது என்பதற்காகத் தாழ்த்தப்பட்டோர்க்கு வேறு குருமாரை ஏற்படுத்தியதும், அவர்கள் குடிசைக்குள் மற்றைக் குருமார் புகாதிருந்ததும் வேறு வகையைச் சேர்ந்தவை. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பானவரின் தூதர் தூர்னோன் என்பார் 1704-இல், மரணத்தறுவாயிலிருக்கும் தாழ்ந்த குலத்தார் வீட்டிற்கும் குருமார் சென்று திருவருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்று கட்டளையிட்டார். அதனைப்பற்றிய வாதம் நாற்பது வருஷம் நீடித்தது. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பிறப்பித்த கட்டளை வழக்கங்கள் பலவற்றை விலக்கியதாயினும், தாழ்த்தப்பட்டோர்க்குத் தனிக் குருமாரை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இணங்கிற்று. அன்று தீராது விடப்பட்ட அக்குறையே பின்னர்ச் சுவராக எழுந்தது எனலாம்.

அச்சுவர் எழுந்த ஊர் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளம். அவ்வூர் பழைமையான கத்தோலிக்கப் பங்கு. நீலகண்ட பிள்ளை என்னும் திருவிதாங்கூர் உத்தியோகஸ்தர் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவ்வூரிலேதான். வேதத்தை விட்டுத் திரும்புமாறு அரசாங்கத்தார் அவரைப் பலவாறு துன்புறுத்தியும் அவர் இசையவில்லை. 1752-இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் வருஷம் மே மாதம் 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவர்க்குப் புனிதர் பட்டம் சூட்டப்பட்டது.

இத்தகைய விசுவாச வீரர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், கோயிலுக்குள் எவர் எங்கே உட்காருவது என்பதுபற்றி வேளாளர்க்கும் நாடார்க்கும் தீராப் பூசல் நிலவிற்று. பூசலை ஆற்றக் கருதிய குருமார் 1872-இல் ஒரு புதுமையான கோயிலைக் கட்டுவித்தனர். பீடம் ஒன்று; அதனை நோக்கி இரண்டு கால்கள் போலப் பிரிந்து வரும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளர் முதலியோர். மற்றொன்றில் நாடார் முதலியோர். இடையே சுவர். இரு திறத்தாரும் பூசையைக் காணலாம். ஒருவரையொருவர் காணுதல் கூடாது. காற்சட்டையைப் போன்ற வடிவுடையதென அக்கோயிலைப் பிறர் எள்ளினர்.

அன்பர்களே! அக்குருமாரைக் கொடியவர் என்று யாம் கூறமாட்டோம். ஊர் வழக்கத்தை மீறினால் ஜனங்கள் சபையைவிட்டே போய்விடுவர் என்று அவர்கள் அஞ்சினர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் ஜாதி வேற்றுமையைப் புராட்டஸ்டாண்டு சபைகளினின்று அறவே நீக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டு விலகியது மெய்யே. ஆகவே அச்சம் காரணமற்றதன்று. எனினும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்ளும் இருவரை ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவாறு பிரிக்கும் ஏற்பாடு, எந்த வேதத்தைக் காக்க எழுந்ததோ அந்த வேதத்தையே அழிப்பதாகும். முப்பத்தெட்டு வருஷம் நின்ற அச்சுவர் 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் இடிக்கப்பட்டது. தங்கள் உரிமை போயிற்றென்று வேளாளர் வழக்கிட்டனர். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை சென்றது. 1917-இல் வெளியான தீர்ப்பில், ஒருவர் அருகில் இருத்தலால் மற்றொருவர்க்குத் தீட்டு உண்டாகும் என்னும் கொள்கைக்குக் கிறிஸ்து சமயத்தில் இடமில்லை என்று கண்டு, நீதிபதிகள் அக்கோரிக்கையை மறுத்தனர்.

இப்பொழுது நம் பக்கத்துக்கு வருவோம். வடக்கன்குளத்தில் சுவர் நின்ற அதே காலத்தில் கமுதியில் நடந்தது என்ன? 1897-இல் நம் முன்னோர் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் புகுந்து வழிபட்டனர். அதன்மேல் எழுந்த வழக்கில் 1899-இல் கீழ்க்கோர்ட்டும், 1901-இல் ஹைகோர்ட்டும், 1908-இல் பிரிவி கவுன்சிலும் நமக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. அத்தீர்ப்புகளுக்கு ஆதாரம் யாது? வழக்கம்! அவ்வழக்கத்தின் பெயராலேயே 1899-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ஆம் தேதி சிவகாசி சூறையாடப்பட்டது. கோயில் வாயில் நமக்குத் திறக்க 1939-ஆம் வருஷத்துச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. சுவர் இடிந்த 1910-ஆம் வருஷத்திலேயே பொறையாற்றில் மாநாடு கூடி நாடார் மகாஜன சங்கம் உருப்பெற்றது.

திருவிதாங்கூரில் நடந்ததும் இதுவே. நம் பெண்மக்கள் மார்பை மறைத்தல் வழக்கத்துக்கு விரோதம் என்றனர். 1829-ஆம் வருஷத்து விளம்பரம் கிறிஸ்தவப் பெண்டிர் குப்பாயம் அணிய மட்டும் இடமளித்து, தோள்சீலையை விலக்கிற்று. அவர்களோ விடவில்லை. 1858, 1859 வருஷங்களில் மீண்டும் கலகம் எழுந்து கோயில்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. இறுதியில் 1859 ஜூலை 26-ஆம் தேதி விளம்பரம், மேற்குலத்தார் அணியும் விதம் கூடாதென்ற குறையுடனேனும், நாடார் பெண்டிர் அனைவரும் மார்பை மறைக்க அனுமதித்தது. வேதக்காரப் பெண்டிர் அடியும் அவமானமும் பட்டுப் பெற்றுத்தந்த நன்மையில் இந்துச் சகோதரிகளும் பங்கு பெற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, வழக்கம் என்னும் சொல்லால் நம்மைப்போல் அடிபட்ட சமூகம் அரிது. அத்தகைய நாம், மனச்சான்றுக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் சொந்த உறவினனை, "வழக்கத்தை மீறினாய்" என்று அதே சொல்லால் அடிக்கலாமா? யோசித்தல் வேண்டும்.

நிற்க. வேதக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. விசுவாசத்தைக் காப்பது வேறு. அன்னியர் நடையை விசுவாசம் என்று மயங்குவது வேறு. இதற்கு உதாரணம் சட்டாம்பிள்ளை என்று பெயர்பெற்ற அருமைநாயகம். உபதேசியாராகப் பயிற்சி பெற்ற அவர் மிஷனெரிமாரோடு மாறுபட்டார். இடையன்குடியில் ஊழியஞ்செய்த கால்டுவெல் ஐயர் 1849-இல் நம் குலத்தைப்பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் நம்மவரை இழிவாக வருணித்திருப்பதை அவர் கண்டு, அதனை ஊரெங்கும் எடுத்துரைத்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தனர். 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் கையை எதிர்பாராத ஒரு சுதேச சபையை அவர் நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாள், சாஷ்டாங்கமாய் விழுந்து வணங்குதல், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் ஆகியவற்றை அச்சபை கைக்கொண்டது. அவர் முறைகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஒப்பவேண்டுவதில்லை. ஆயினும், "கிறிஸ்துவை ஏற்பதற்கு எம் குலத்தின் மானத்தை விலையாகக் கொடுக்கவேண்டுமோ?" என்று நம்முள் ஒருவர் எழுப்பிய வினா நியாயமானது. கால்டுவெல் ஐயரும் பிற்காலத்தில் அந்நூலைப் புழக்கத்தினின்று நீக்க நேர்ந்தது.

இச்சரித்திரத்தால் விளங்குவது யாது? வழக்கங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. உடை, உணவு, பேச்சு, உறவுமுறை, மொய், விருந்து இவற்றில் வேதக்காரர் நம்மோடு ஒன்றாய் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். வழிபாடு என்பது அவரவர் தெய்வத்துக்கே உரியது. அதில் வற்புறுத்தல் கூடாது. மூன்றாவதாக, மனிதனை மனிதன் தாழ்த்தும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு இந்துவும் இணங்கலாகாது, கிறிஸ்தவனும் இணங்கலாகாது. நொபிலி சுவாமியார் காவி உடுத்தது முதல்வகை. நாரணாபுரத்து இளையவர் வேப்பமரத்தடியில் நின்றது இரண்டாம் வகை. வடக்கன்குளத்துச் சுவர் மூன்றாம் வகை. மூன்றையும் ஒன்றாக மயக்குவதனாலேயே குடும்பங்களில் மனஸ்தாபம் விளைகிறது.

இங்கே மனங்கசக்கும் ஓர் உண்மையையும் சொல்லாமல் விடுதல் சத்தியத்துக்கு விரோதமாகும். நம்மைப் பிரித்த சுவர் இடிந்தது. நமக்குப்பின் அதே வேதத்தில் சேர்ந்த தாழ்த்தப்பட்டோர்க்குத் தமிழ்நாட்டுச் சபைகள் சிலவற்றில் இன்னும் தனிக் கல்லறைத் தோட்டமும் தனி இடமும் இருந்துவருவதைக் காண்கிறோம். நம்மவர் கையும் அதில் இருக்குமாயின், 1910-இல் நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அர்த்தமே இல்லை. நமக்காக இடிந்த சுவரின் கல்லை எடுத்து நாமே பிறர்க்குச் சுவர் வைக்கலாமா? ஜாதிச் சங்கத்துப் பத்திரிகையில் இதனை எழுதுவது பொருந்தாது என்பார் இருக்கலாம். சங்கம் தோன்றியது நம் இழிவைத் துடைக்கவேயன்றி, பிறரை இழிவுபடுத்தும் உரிமையைப் பெறுவதற்கன்று என்பதே எம் விடை.

இனி நாரணாபுரத்துக் கதையின் முடிவையும் கூறிவிடுவோம். மறுவருஷம் ஆயுதபூஜை வந்தது. அன்று காலையில், படைப்பதற்கு முன்பே, மூத்தவர் பொரி கடலையில் ஒரு பங்கைத் தனியே எடுத்து ஒரு தூக்குவாளியில் இட்டார். "இது படைக்காதது. மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்று தம் மகனை அனுப்பினார். இளையவர் அதை வாங்கித் தம் பிள்ளைகளோடு இருந்து உண்டார். பின்பு ஆபீஸுக்கு வந்து, வேப்பமரத்தடியில் நில்லாமல் வாசலில் நின்று, பூஜைக்கு வந்த உறவின்முறையார் ஒவ்வொருவரையும் "வாங்க அண்ணாச்சி" என்று கைகூப்பி வரவேற்றார். தீபாராதனை உள்ளே நடந்தது. அவர் வாசலிலேயே நின்றார். எவரும் அவரை உள்ளே அழைக்கவுமில்லை, குறை கூறவுமில்லை.

ஹைகோர்ட்டும் பிரிவி கவுன்சிலும் பல வருஷம் வாதித்த விஷயத்தை அவ்விருவரும் ஒரு தூக்குவாளிப் பொரியைக் கொண்டு தீர்த்துக்கொண்டனர். நம் குடும்பங்கள்தோறும் இத்தகைய பெருந்தன்மை தழைக்குமாறு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.